லோத்தலில் எழும் கடல் அருங்காட்சியகமும் நம் கணவாய் வழிச் சரக்கும்

கேரளத்தில் கடற்கரை இல்லாத மாவட்டங்களுள் பாலக்காடும் இடுக்கியும் அடங்கும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பகுதிகளிலும், தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு மலைகளிலும் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்குக் கடல் என்பது விடுமுறை நாளில் சென்று காண்பது. குஜராத்தில் கட்டப்பட்டுவரும் கடல் அருங்காட்சியகம் ஒன்றைப் பற்றி இவ்விதழில் எழுதுவானேன் என்று அவர்கள் கேட்டால் அதில் வியப்பில்லை. அதற்கு விடை சொல்லுமுன், அந்த அருங்காட்சியகம் எத்தகையது, அதனை நடத்துபவர் யார் என்பதை அறிந்துகொள்வோம்.

அகமதாபாத் மாவட்டத்திலுள்ள லோத்தல், சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த பழைய ஊர். 1950-களின் நடுப்பகுதியில் தொல்லியல் அறிஞர் எஸ்.ஆர். ராவ் தலைமையில் அங்கே அகழாய்வு தொடங்கிற்று. சுட்ட செங்கல்லால் கட்டப்பட்ட, 200 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள நீர்த்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. அது கப்பல் நிற்கும் துறை என்றார் ராவ். பாசனத்துக்கும் குடிநீருக்கும் ஆன ஏரி என்று மறுத்தவர்களும் உண்டு. சபர்மதி ஆற்றின் பழைய போக்கு அவ்வூரை ஒட்டிச் சென்றதை அண்மைக் காலத்தில் காந்திநகர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் காட்டிய பின் ராவின் கருத்து வலுப்பெற்றிருக்கிறது. பாரசீக வளைகுடாவைச் சேர்ந்த முத்திரை ஒன்றும் அங்கே கிடைத்தது. பிற்காலத்தில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தில் கடலடித் தொல்லியலைத் தொடங்கி வைத்தவரும் இதே ராவ்தான். துவாரகையோடு பூம்புகார்க் கடலையும் ஆராய்ந்தவர் என்பதால் தமிழருக்கு அவர் பெயர் புதிதன்று.

அந்த லோத்தலில்தான் தேசியக் கடல்சார் பாரம்பரிய வளாகம் எழுகிறது. 2019 மார்ச்சில் பிரதமர் அதற்கு அடிக்கல் நாட்டினார். 2024 அக்டோபர் 9 அன்று மத்திய அமைச்சரவை முதற்கட்டத்துக்கு ஒப்புதல் வழங்கிற்று. அதன் முதற்பகுதியில் 60 விழுக்காட்டுக்கு மேல் பணி முடிந்திருந்ததாக அப்போது அறிவிக்கப்பட்டது. முதற்பகுதியில் ஆறு காட்சிக்கூடங்கள். கடற்படைக்கும் கடலோரக் காவற்படைக்குமான கூடம் அவற்றுள் ஒன்று, ஐ.என்.எஸ். நிஷாங்க் என்னும் போர்க்கப்பலும் சீ ஹாரியர் போர் விமானமும் அதன் வெளிப்புறத்தில் நிற்கும். அடுத்த பகுதியில் மேலும் எட்டுக் கூடங்களும் கலங்கரை விளக்க அருங்காட்சியகமும். இரண்டாம் கட்டத்தில் கடலோர மாநிலங்களின் அரங்குகள், விடுதிகள், கடல்சார் கல்வி நிலையம், பூங்காக்கள் ஆகியவை அமையும்.

இதன் நிதி ஏற்பாடு வங்கி வாடிக்கையாளர் கவனிக்கத் தக்கது. முதற்பகுதி, பொறியியல் ஒப்பந்த முறையில் கட்டப்படுகிறது. கலங்கரை விளக்க அருங்காட்சியகத்தின் செலவைக் கலங்கரை விளக்கத் துறையின் தலைமை இயக்ககம் ஏற்கிறது. அடுத்த பகுதிக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் 2024-இல் கொள்கை அளவில் மட்டுமே ஒப்புதல் கிடைத்தது. நிதி திரட்டிய பின்னரே அவை தொடங்கும். மாநில அரங்குகளை அந்தந்த மாநில அரசுகளே அமைக்க வேண்டும். ஆக, டெல்லி தரும் ஒரே காசோலையில் எழும் கட்டடம் அன்று இது. எந்தக் கூடம் முதலில் எழும், எது காத்திருக்கும் என்பதில் பணம் தருபவரின் விருப்பத்துக்கும் இடமுண்டு.

நிருவாகம் யாரிடம்? 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ்த் தனிச் சங்கம் ஒன்று அமைத்து, வளாகத்தின் வளர்ச்சியையும் நடத்துதலையும் அதனிடம் விடுவதென்று அமைச்சரவை முடிவு செய்தது. அச்சங்கத்தின் ஆட்சிக் குழுவுக்குத் துறைமுகம், கப்பல், நீர்வழி அமைச்சரே தலைவர். முடிவு எடுக்கப்பட்டபோது அப்பொறுப்பில் இருந்தவர் சர்வானந்த சோனோவால். அருங்காட்சியகமென்றால் பண்பாட்டுத் துறைக்குரியது என்று நாம் எண்ணுவோம். இதுவோ துறைமுகத் துறையின் பிள்ளை. பண்பாட்டு அமைச்சகத்தோடு 2021-இல் உடன்படிக்கை ஒன்று கையெழுத்தானது என்றாலும் தலைமை நாற்காலி கப்பல் துறையிடமே இருக்கிறது.

தலைமையில் இருப்பவர் யார் என்பதால் காட்சிப் பொருள் மாறுமா? மாறும். அதற்கு இலண்டனின் கிரீனிச்சில் உள்ள பிரிட்டனின் தேசியக் கடல் அருங்காட்சியகமே சான்று. 1934-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டு, 1937 ஏப்ரலில் ஆறாம் ஜார்ஜ் மன்னரால் திறக்கப்பட்டது அது. அதற்குப் பெரும்பொருள் தந்தவர் ஜேம்ஸ் கெய்ர்டு என்னும் ஸ்காட்லாந்துக் கப்பல் அதிபர். முதல் இயக்குநர் ஜெஃப்ரி காலண்டர், கடற்படைக் கல்லூரியில் வரலாறு கற்பித்த பேராசிரியர். ஆகவே தொடக்கத்தில் அங்கே போர்க்கப்பல்களும் தளபதிகளின் ஓவியங்களுமே முதன்மை பெற்றன. 1967 முதல் 1983 வரை இயக்குநராக இருந்த பேசில் கிரீன்ஹில் வேறு வகையினர். தூதரகப் பணியில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இருந்தபோது ஆற்றுப் படகுகளையும் படகோட்டிகளையும் ஆராய்ந்து நூல் எழுதியவர். அவர் காலத்தில் எளிய மக்களின் மரக்கலங்களும் கடலடித் தொல்லியலும் உரிய இடம் பெற்றன. 2007-இல் அடிமை வணிகத்தைப் பற்றிய நிலையான கூடமும், 2011-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆசிய வணிகத்தைப் பற்றிய கூடமும் திறக்கப்பட்டன. திறப்பு விழாவில் மன்னர் கண்ட அருங்காட்சியகத்துக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. அங்கே அறங்காவலர்களைப் பிரதமர் நியமிக்கிறார். ஆனால் அன்றாடப் பொறுப்பு தொழில்முறை இயக்குநருடையது. லோத்தலிலும் சங்கத்தின் தலைமையைவிட, அதன்கீழ் நியமிக்கப்படும் இயக்குநரும் காப்பாட்சியரும் எத்தகையோர் என்பதே முதன்மையான கேள்வியென நாம் கருதுகிறோம்.

இனி நம் கணவாய்க்கு வருவோம்.

வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் கிழிந்த பாப்பிரஸ் தாள் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எகிப்தில், கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. 1985-இல் அது அச்சில் வெளிவந்தபோது பண்டை வணிக வரலாற்றைப் படிப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஏனெனில் அது கவிதையன்று, பயணக் குறிப்புமன்று. ஒரு கடன் தொடர்பான ஒப்பந்தம். அதில் ஓர் ஊரின் பெயர் தெளிவாக இருந்தது: முசிறி.

சேர நாட்டு முசிறிக்குக் கப்பல் அனுப்ப வணிகர் ஒருவர் கடன் பெற்றிருக்கிறார். திரும்பிவரும் சரக்கே அக்கடனுக்கு ஈடு. செங்கடல் துறையில் இறங்கும் சரக்கை ஒட்டகத்தின்மீது ஏற்றிப் பாலைவனம் கடந்து, நைல் கரையிலுள்ள கோப்தோஸ் ஊரின் பொதுக் கிடங்கில் வைக்க வேண்டும். அங்கிருந்து ஆற்றுவழியே அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுபோய் மீண்டும் கிடங்கில் சேர்க்க வேண்டும். வழிநெடுகச் சரக்கு, கடன் கொடுத்தவரின் பொறுப்பிலும் முத்திரையிலும் இருக்கும். தவணைக்குள் கடன் அடையாவிட்டால் சரக்கை எடுத்துக்கொள்ளவும், விற்கவும், வேறொருவருக்கு அடமானம் வைக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

ஏலக்காயையோ மிளகையோ கிடங்கில் வைத்து, இரசீதின்பேரில் கடன் பெற்ற வாசகர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே தேவையில்லை. சரக்கின் உடைமை ஒருவரிடம், கிடங்கின் கட்டுப்பாடு இன்னொருவரிடம் என்னும் கருத்து 1,850 ஆண்டுகளுக்கு முன்பே முதிர்ந்திருந்தது. கடல் வணிகத்துக்கான கடனில் அக்காலத்தில் வேறொரு வழக்கமும் இருந்தது. கப்பல் மூழ்கினால் கடன் பெற்றவர் திருப்பித் தரவேண்டியதில்லை. இழப்பு கடன் கொடுத்தவருடையது. அதனால் வட்டி மிகுதி. இன்று கடனென்றும் காப்பீடென்றும் பிரிந்து நிற்கும் இரண்டும் அன்று ஒரே தாளில் அடங்கின. கடன் முசிறியிலேயே எழுதப்பட்டதா, முசிறிப் பயணத்துக்காக எகிப்தில் எழுதப்பட்டதா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. முசிறியிலேயே எழுதப்பட்டதென்றால், அங்கே தங்கிக் கடன் கொடுத்து வாங்கிய அயல்நாட்டு வணிகர் குடியிருப்பு ஒன்று இருந்திருக்க வேண்டும்.

தாளின் பின்புறம் இன்னும் சுவையானது. ஹெர்மபொல்லோன் என்னும் கப்பலில் வந்த சரக்கின் கணக்கு அது. கங்கைச் சமவெளி வழியே வந்த சடாமாஞ்சி 60 பெட்டிகள், யானைத் தந்தம். எஞ்சிய பகுதி சிதைந்துவிட்டது. மொத்தத்தில் பெரும்பங்கு மிளகாகவே இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். நான்கில் ஒரு பங்கு இறக்குமதி வரி போக எஞ்சிய மதிப்பு 1,154 தாலந்தும் 2,852 திராக்மாவும். ஒரு தாலந்துக்கு 6,000 திராக்மா என்று பெருக்கிப் பார்த்தால் 69,26,852 திராக்மா. ஒரே கப்பலின் சரக்கு அது! ரோமானிய எழுத்தாளர் பிளினி, ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதென்று குறைப்பட்டுக்கொண்டதும், ஒரு பவுண்டு கருமிளகின் விலை நான்கு தெனாரியஸ் என்று எழுதிவைத்ததும் இதனோடு சேர்த்துப் படிக்கத் தக்கவை.

இந்தச் சரக்கு கடலிலா விளைந்தது? மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவில் படரும் கொடி. தந்தம் காட்டு யானையுடையது. இடுக்கி மலைகளின் ஊடே பாயும் பெரியாறு, முசிறி இருந்ததாகக் கருதப்படும் கரையோரத்தை நோக்கியே இறங்குகிறது. மலைச்சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்க அதனினும் எளிய வழி வேறில்லை. பொன்னோடு வந்து மிளகோடு மீளும் யவனர் கலங்களைப் பற்றி அகநானூற்றின் 149-ஆம் பாடல் பேசுவதும் இந்தப் பேரியாற்றை வைத்தே.

பாலக்காட்டுக் கணவாயின் பங்கு வேறு வகையானது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் மலைத்தொடர் விட்டுக்கொடுக்கும் இடம் அது. வாளையாறு வழியே நாள்தோறும் சரக்கு லாரி ஓட்டுபவர்கள் அதன் தாழ்வையும் காற்றையும் நன்கறிவார்கள். கொங்கு நாட்டுக் கொடுமணலில், நொய்யலாற்றின் கரையில், கல்மணிகள் அறுத்துத் தீட்டப்பட்டன, பேராசிரியர் கா. ராஜன் முதலியோர் நடத்திய அகழாய்வுகளில் பட்டறைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. படியூர்ப் பகுதியின் பச்சைக்கல் ரோமானியர் விரும்பி வாங்கிய பொருள். சேரரின் கருவூரிலிருந்து கொடுமணல், கோவை, பாலக்காடு வழியே முசிறிக்குச் சென்ற தடத்தில்தான் வெள்ளலூர், பொள்ளாச்சி ஆகிய இடங்களில் ரோமானிய நாணயங்கள் புதையலாகக் கிடைத்தன. கணவாயின் மேற்குப் பக்கத்தில், திருச்சூர் மாவட்டம் எய்யாலில் 1945-இல் ரோமானியப் பொன், வெள்ளிக் காசுகளோடு நம் நாட்டு முத்திரைக் காசுகளும் சேர்ந்தே கிடைத்தன. அப்பாதை பின்னாளிலும் மறையவில்லை. கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் பொறித்த கல்வெட்டு அதனை இராசகேசரிப் பெருவழி என்கிறது. அக்கல்வெட்டில் தமிழ் எழுத்தும் உண்டு, வட்டெழுத்தும் உண்டு. இருபுறத்திலிருந்தும் வருவோர் படிக்கவேண்டும் என்று எண்ணினார்கள் போலும்.

முசிறி எது என்னும் கேள்விக்கு வடக்கன் பரவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூர் இன்று விடையாகக் காட்டப்படுகிறது. 2004-இல் வீ. செல்வகுமாரும் கே.பி. ஷாஜனும் அங்கே முன்னோட்ட அகழாய்வு செய்தனர். 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம், பி.ஜே. செரியான் தலைமையில் விரிவாகத் தோண்டிற்று. மத்தியத்தரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள், செங்கல் கட்டிய படகுத்துறை, அதன் அருகே ஆறு மீட்டர் நீளமுள்ள மரத்தோணி, மிளகு, ஏலக்காய் முதலியன வெளிவந்தன. பட்டணமே முசிறி என்பதை ஏற்கத் தயங்கியவர்களும் உண்டு, வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் அவர்களுள் ஒருவர். லோத்தல் தொட்டியைப் போலவே இதுவும் தீராத வழக்கு. நல்ல அருங்காட்சியகம் தன் சுவரில் இத்தகைய வழக்குகளையும் எழுதி வைக்கும். பார்வையாளரை முடிவு சொல்லவும் அழைக்கும். அமைச்சர் தலைமையில் இயங்கும் குழுவுக்கு அந்தத் துணிவு வாய்க்குமா என்பது போகப்போகத்தான் தெரியும்.

லோத்தலின் இரண்டாம் கட்டத்தில் கடலோர மாநிலங்களுக்குத் தனித்தனி அரங்கு என்று மேலே கண்டோம். அந்த ஏற்பாட்டில்தான் நம் பகுதிக்குரிய இடர் இருக்கிறது. 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது கணவாயின் கிழக்கு வாய் தமிழ்நாட்டுக்கும் மேற்கு வாய் கேரளத்துக்கும் சென்றன. கேரள அரங்கு முசிறியிலும் கொச்சியிலும் தொடங்கும். தமிழ்நாட்டு அரங்கு பூம்புகாரிலும் கொற்கையிலும் தொடங்கும். கருவூரையும் முசிறியையும் இணைத்த பெருவழி இரண்டு அரங்குகளுக்கும் இடையிலுள்ள நடைபாதையில் விழுந்துபோகக்கூடும். கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக இன்றும் ஏலக்காய் இரு மாநிலங்களுக்கிடையே போய்வருகிறது. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. சரக்கு எல்லையைப் பொருட்படுத்தவில்லை. அரங்கு மட்டும் ஏன் பொருட்படுத்த வேண்டும்?

வியன்னாத் தாளில் கடன் கொடுத்தவர் இருக்கிறார், வாங்கியவர் இருக்கிறார், கப்பலின் பெயர் இருக்கிறது, கோப்தோஸ் பாதையில் நடந்த ஒட்டகக்காரரும் ஒரு வரியில் இருக்கிறார். மலையில் மிளகைப் பறித்தவரும் அதைச் சுமந்து இறக்கியவரும் எந்தத் தாளிலும் இல்லை. சங்க நூல்கள் ஓரளவு துணை செய்கின்றன. பெரும்பாணாற்றுப்படை, சுங்கம் வாங்கும் பெருவழியில் மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைகளைக் காட்டுகிறது. அது தொண்டை நாட்டுக் காட்சி என்றாலும் பொதி இம்மலைகளுடையதே ஆகலாம். எதிர்த்திசையில் உப்பு வண்டி ஓட்டிய உமணரைப் பற்றியும் பல பாடல்கள் பேசுகின்றன. பீரங்கிக்கும் போர் விமானத்துக்கும் இடம் தரும் வளாகத்தில் ஒரு கழுதைப் பொதிக்கும் ஓர் உப்பு வண்டிக்கும் இடம் கேட்பது மிகையன்று. கேரள அரங்கை அமைப்பது கேரள அரசு என்பதால், கேட்க வேண்டிய இடம் திருவனந்தபுரமே; நம் சட்டமன்ற உறுப்பினர் வழியாகவும் கேட்கலாம். அரங்கின் வரைவு முடிவாவதற்கு முன் கேட்பதே பயன் தரும்.

லோத்தல் வரை செல்லுமுன் அருகில் காணத் தக்கவை உள்ளன. கேரள அரசின் முசிறிப் பாரம்பரியத் திட்டத்தில் பரவூர், சேந்தமங்கலம் யூதத் தொழுகைக் கூடங்களும் பாலியம் அரண்மனையும் அருங்காட்சியகங்களாகியுள்ளன. இத்திட்டத்தை நடத்துவது அரசு நிறுவனம் ஒன்று. சங்கமும் அன்று, அறக்கட்டளையும் அன்று. கொச்சிக் கோட்டைப் பகுதியில் ஐ.என்.எஸ். துரோணாச்சாரியா வளாகத்தில் உள்ள கடல் அருங்காட்சியகத்தைக் கடற்படை நடத்துகிறது. எதிர்பார்க்கத் தக்கவாறு அங்கே கடற்படையின் கதையே ஓங்கி நிற்கிறது. ஒரே வாரத்தில் இரண்டையும் பார்த்தால், நடத்துபவருக்கும் காட்சிக்கும் உள்ள உறவு நேரில் விளங்கும். மறையூரின் பெருங்கற்கால முனியறைகளும் பாறை ஓவியங்களும் இம்மலைகளில் அக்காலத்துக்கும் முன்பே மக்கள் வாழ்ந்ததைச் சொல்பவை. அவற்றுக்குப் பாதுகாப்பு போதாது.

நிலம் உழும்போதோ, கிணறு வெட்டும்போதோ, வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ பழங்காசு, மணி, சாடித் துண்டு ஏதேனும் கிடைத்தால் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டமும், கேரளத்துக்கென 1968-இல் இயற்றப்பட்ட புதையல் சட்டமும், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. மறைத்தால் தண்டனை உண்டு. முறையாகத் தெரிவித்தவருக்குச் சட்டப்படி பங்கோ ஈட்டுத்தொகையோ பெற வழியுண்டு. பொற்கொல்லரிடம் கொண்டுபோய் எடைக்கு விற்பவர் தங்கத்தின் விலையை மட்டுமே பெறுகிறார், சட்டத்தையும் மீறுகிறார். பரவூரை அடுத்த வள்ளுவள்ளியில் 1983-இல் கிடைத்த 250-க்கும் மேற்பட்ட ரோமானியப் பொற்காசுகள் அரசிடம் வந்து சேர்ந்ததால்தான் அவற்றில் பொறித்த பேரரசர்களின் பெயர்களைப் படித்து, எந்த ஆண்டுகளில் அந்தப் பொன் இக்கரைக்கு வந்திருக்கும் என்று கணிக்க முடிந்தது. காசு கிடைத்த இடத்தைக் கழுவாமல், மண்ணோடு அப்படியே விட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு, கிராம அலுவலகத்தில் அன்றே எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெறுக.